38 சதுர அடி பால்கனி: சொந்தக் கையால் டைல்ஸ் போட்ட ஒரு நிகழ்வு ஆய்வு

38 சதுர அடி வேலைக்கு டைல்ஸ் போடும் ஆள் லேசில் கிடைக்க மாட்டார். ஹால், இரண்டு அறை, சமையலறை என்று முழு வீட்டு வேலை கையில் இருக்கும்போது, ஒரு பால்கனிக்காக மெஷினையும் சித்தாளையும் கூட்டிக்கொண்டு வருவது அவருக்குக் கட்டுப்படியாகாது. அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. மீறி வந்தாலும், காலையில் உடைத்து, கலவை போட்டு, டைல்ஸ் பதித்து, சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு கிளம்பினால்தான் அவர் கணக்கு நேராகும். சின்ன வேலைகள் சொதப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் கைத்திறன் குறைவு அல்ல, அந்த ஒரே நாள் அவசரம்தான்.

கட்டட மேற்பார்வைதான் என் பிழைப்பு. ஆகவே டைல்ஸ் எழும்பிய வீடுகள் நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே எழுதப்போவது பாளையங்கோட்டையில் என் அக்கா வீட்டுப் பால்கனியைப் பற்றி. அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கரண்டி பிடித்துப் பழக்கமில்லாதவர். கேட்ட ஆட்கள் யாரும் பிடி கொடுக்காமல் போகவே, "நீ பக்கத்துல நின்னு சொல்லு மாப்ள, நானே போட்டுக்கிறேன்" என்றார். நான் சொன்னேன், அவர் செய்தார். நான் சொன்னதில் சிலவற்றை அவர் கேட்கவில்லை. அதையும் எழுதுகிறேன்.

பழைய தரை

முதல் மாடி, சமையலறைக்குப் பின்னால், 9 அடி நீளம், 4 அடி 3 அங்குலம் அகலம். சமையலறைக் கதவு ஒரு ஓரத்தில் திறக்கும். அந்த ஓரத்தில் வாஷிங் மெஷின். எதிர் ஓரத்து மூலையில் தண்ணீர் போகும் ஓட்டை. மேற்குப் பார்த்த பால்கனி என்பதால், மதியம் 2 மணியில் இருந்து வெயில் இறங்கும் வரை தரை கொதிக்கும். கீழே போர்ட்டிகோ.

வீடு கட்டியபோது ஹாலுக்கு வாங்கிய பளபளப்பான 2×2 அடி விட்ரிஃபைடு டைல்ஸில் மிஞ்சியதை இங்கே போட்டிருந்தார்கள். வழக்கமான முறைதான். சிமெண்டும் மணலும் கலந்த கலவையை இரண்டு அங்குலத்துக்குப் பரப்பி, மேலே சிமெண்ட் பால் ஊற்றி, டைலை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டி இறக்குவது. டைலுக்கும் டைலுக்கும் இடைவெளி கிடையாது. சுவரோரமும் முட்ட முட்ட. "ஜாயின்ட் தெரியக் கூடாது" என்று வீட்டுக்காரர்கள் கேட்பதைத்தான் ஆட்கள் செய்கிறார்கள். பல வருஷம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஏப்ரல் மதியம் படீரென்று சத்தம் கேட்டு அக்கா ஓடிப் பார்த்தால், நடுவில் இரண்டு டைல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு எழும்பி நின்றன.

அந்த இரண்டை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டினால் போதும் என்பது எல்லோரும் முதலில் சொன்ன யோசனை. கீழே போர்ட்டிகோ கூரையில் மஞ்சளாகத் தண்ணீர்க் கறை படர்ந்திருந்ததை அவர்கள் பார்க்கவில்லை.

ஏன் எழும்பியது

எழும்பிய டைலைப் புரட்டிப் பார்த்தோம். பின்பக்கம் சுத்தமாக இருந்தது. ஒரு துளி சிமெண்ட்கூட ஒட்டவில்லை. கட்டம் கட்டமாக உள்ள மேட்டில் வெள்ளைப் பொடி மட்டும், விரலால் தேய்த்தால் வந்தது. சூளையில் டைல் உருளைகளோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பின்பக்கம் பூசும் பொடி அது. துடைக்காமல் போட்டால் அந்தப் பொடியோடுதான் கலவை ஒட்டும், டைலோடு ஒட்டாது. கலவையின் மேல்பரப்போ டைலின் அச்சு விழுந்து வழவழவென்று இருந்தது. அதாவது இத்தனை வருஷம் டைல் அங்கே உட்கார்ந்திருந்ததே தவிர, பிடித்திருக்கவில்லை.

இதற்குப் பின்னால் இன்னொரு விஷயம் இருக்கிறது. சுவருக்குப் போடும் சாதாரண செராமிக் டைல் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். விட்ரிஃபைடு என்று விற்பது, ஐ.எஸ்.ஓ. 13006 தரக்குறியீட்டின்படி 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சிமெண்ட் பால் ஒட்டுவதே டைலின் நுண்துளைகளுக்குள் இறங்கி இறுகுவதால்தான். துளையே இல்லாத டைலுக்கு அது எப்படி ஒட்டும்? செராமிக் காலத்துக் கைப்பழக்கத்தை விட்ரிஃபைடுக்கும் அப்படியே கொண்டுவந்துவிட்டோம். எழும்பும் தரைகளில் பாதிக்கு மேல் இதுதான் கதை என்பது என் அனுபவம்.

ஒட்டாத டைல் ஏன் பல வருஷம் கழித்து எழும்ப வேண்டும் என்று அத்தான் கேட்டார். வெயில் என்று சொன்னேன். அவருக்குப் போதவில்லை, காகிதத்தை எடுத்துவிட்டார். 9 அடி என்பது 2,743 மி.மீ. விட்ரிஃபைடு டைல் ஒரு டிகிரி சூட்டுக்கு நீளத்தில் ஒரு கோடிக்குச் சுமார் 70 பங்கு விரியும். விடியற்காலைக்கும் மதியத்துக்கும் தரையில் 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், மொத்த விரிவு 0.6 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. "அரை மில்லிமீட்டருக்கா இந்தச் சத்தம்?" என்றார். அப்புறம் அவரே பிதாகரஸை இழுத்தார். இரண்டு பக்கமும் சுவரில் முட்டி நிற்கும் வரிசை, நடுவில் மடங்கி எழும்பினால் எவ்வளவு உயரம் போகும்? பாதி நீளத்தை அடியாகவும், விரிந்த பாதி நீளத்தைக் கர்ணமாகவும் வைத்துப் போட்டால் விடை 28 மி.மீ. ஒரு அங்குலத்துக்கு மேல். கீழே உள்ள தளமும் கொஞ்சம் விரியும் என்பதால் கணக்கில் வருவது அத்தனையும் தரையில் நடக்காது. ஆனாலும் அரை மில்லிமீட்டருக்கு இடம் விடாமல் போனதற்கு எந்த அளவில் விலை கொடுக்கிறோம் என்பது விளங்கியது. சுவரோரம் 5 மி.மீ. விட்டு, அதைச் சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் டைலால் மறைத்திருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

மீதி டைல்களை ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனார். பெரும்பாலானவை பொள்ளல் சத்தம், அடியில் வெற்றிடம். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினோம். பாதி ஓட்டைக்குப் போனது, பாதி நடுவில் தேங்கியது. தரைக்கு வாட்டம் சரியில்லை. தேங்கிய தண்ணீர் ஜாயின்ட் வழியாக இறங்கி, கலவையில் ஊறி, போர்ட்டிகோ கூரையில் தலைகாட்டியிருக்கிறது. ஆக, இரண்டு டைல் பிரச்சினை அல்ல. ஒட்டு, விரிவு இடைவெளி, வாட்டம், நீர்த்தடுப்பு நான்குமே இல்லாத தரை. முழுவதையும் எடுப்பதைத் தவிர வழியில்லை. டைல் மேல் டைல் ஒட்டலாம் என்று ஒருவர் சொன்னார். அடியில் உள்ளதே ஆடும்போது மேலே எவ்வளவு நல்ல பசை போட்டு என்ன பிரயோஜனம்?

எந்த முறை

யூடியூபில் பார்த்துவிட்டு, கொத்தனார் செய்கிற மாதிரியே கலவை பரப்பி டைல் பதிக்கத்தான் அத்தான் தயாராக இருந்தார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த முறையில் மட்டம், வாட்டம், ஒட்டு மூன்றும் ஒரே தட்டில் நடந்து முடிகிறது. ஈரக் கலவை மேல் டைலை வைத்துத் தட்டும்போது, எங்கே ஒரு கரண்டி கலவை கூட்ட வேண்டும், எங்கே எடுக்க வேண்டும் என்பது கொத்தனாருக்குக் கையிலேயே தெரியும். அது வருஷக்கணக்கில் படிந்த பழக்கம். புதியவர் அதைப் பார்த்துச் செய்தால் நாலாவது டைலில் மட்டம் போய்விடும்.

பசை முறை அப்படியல்ல. முதலில் கலவைத் தளம் போட்டு வாட்டம் பிடித்துக் காயவிடுவது. பிறகு நீர்த்தடுப்பு பூசித் தண்ணீர் தேக்கிப் பார்ப்பது. கடைசியாக, பாலிமர் கலந்த டைல் பசையை மெல்லியதாக இழுத்து டைலை ஒட்டுவது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். தப்பு நடந்தால் அந்தக் கட்டத்திலேயே தெரியும். இதில் செலவாவது நாட்கள். கூலிக்கு வருகிறவரிடம் இல்லாதது அது. ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் தாராளமாக இருப்பதும் அதுதான். சொந்தக் கையால் செய்கிறவருக்கு உள்ள ஒரே சாதகம் இது என்று நினைக்கிறேன். அதை விட்டுவிட்டுக் கொத்தனாரின் வேகத்தோடு போட்டி போடப் போனால் தோல்விதான்.

உடைப்பு

டிரில்லிங் மெஷினை வாடகைக்கு எடுத்து உடைக்கலாம் என்றார் அத்தான். இந்த ஒரு இடத்தில் நான் கண்டிப்பாக நின்றேன். பால்கனி, கட்டடத்தில் இருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளம். ஒரு பக்கம் மட்டுமே தாங்கல். அறைகளின் தளத்தில் நடுப்பகுதிக்கு முக்கியக் கம்பி அடிப்பக்கம் இருக்கும். இப்படி நீட்டிய தளத்தில் அது மேல்பக்கம் இருக்கும். கம்பிக்கும் மேல்பரப்புக்கும் நடுவில் உள்ள கான்கிரீட் சாதாரணமாக 20, 30 மி.மீ. தான். கனமான மெஷினால் இறங்கினால் டைலோடு சேர்த்துக் கம்பியின் பிடிப்பையும் அசைத்துவிடலாம். அந்தக் கம்பி போனால் பால்கனி போயிற்று. வீட்டில் எதை வேண்டுமானாலும் சோதனை செய்து பழகலாம், இதை மட்டும் கூடாது.

உளியும் சுத்தியலும்தான். டைல்கள் ஒட்டாமல் இருந்ததால் நெம்பியதுமே வந்துவிட்டன. கலவையைப் படுக்கை வாட்டில் உளி வைத்து ஏடு ஏடாகப் பெயர்த்தார். கான்கிரீட் தெரிந்த இடத்தில் நிறுத்தினார். கதவோரம் ஒரு கைப்பிடி அளவுக்குக் கலவை தளத்தோடு இறுகப் பிடித்திருந்தது. அதை அப்படியே விட்டோம், நன்றாகப் பிடித்திருப்பதை எதற்கு எடுக்க வேண்டும்?

வாட்டம்

இந்த வேலையில் அத்தான் கூலி கொடுத்தது ஒரே ஒரு கட்டத்துக்கு. தெருக்கோடியில் ஒரு வயதான கொத்தனார் இருக்கிறார். பெரிய வேலைகளுக்குப் போவதை நிறுத்திவிட்டவர். வாட்டம் பிடித்துக் கலவைத் தளம் போட மட்டும் வரச் சொன்னோம். அவர் வந்தார், பார்த்தார், "தளத்தை நான் குடுத்துட்டா ஒட்டுறத நீங்களே ஒட்டிக்கலாம் சார்" என்றார்.

1:80 என்பது வாத்தியாரின் கணக்கு. அதாவது 80 மி.மீ. போனால் 1 மி.மீ. இறங்க வேண்டும். 2,743 மி.மீ. நீளத்துக்கு 34 மி.மீ. இறக்கம். கொத்தனார் கணக்கெல்லாம் போடவில்லை. டியூபில் தண்ணீர் நிரப்பிச் சுவரில் இரண்டு ஓரத்திலும் மட்டம் குறித்தார். அதில் இருந்து இறக்கத்தை அளந்து நூல் கட்டினார். நூலுக்குச் சரியாக நாலைந்து இடத்தில் கலவையால் பொட்டு வைத்தார். பொட்டுகளுக்கு நடுவில் ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல் கலந்த கலவையைக் கொட்டி, மட்டப்படுத்தும் மணியாஸ்கட்டையால் இழுத்தார். முடித்ததும் அத்தான் டேப்பை வைத்து அளந்தார். 35 மி.மீ.

மேல்பரப்பைச் சிமெண்ட் தூவி வழவழப்பாக்க வேண்டாம், சொரசொரப்பாக விடுங்கள் என்று நான் சொன்னது கொத்தனாருக்குப் பிடிக்கவில்லை. மொழுகாமல் விட்டால் பார்க்கிறவர்கள் தன்னைக் குறை சொல்வார்கள் என்றார். மேலே பசை ஒட்ட வேண்டும் என்று விளக்கிய பிறகு கட்டைத் தேய்ப்போடு நிறுத்தினார். ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள்.

நீர்த்தடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தரையும் சுவரும் சேரும் மூலையில் ஃபைபர் வலைத் துண்டு வைத்து, பொடியும் திரவமும் கலக்கிற பாலிமர் சிமெண்ட் பூச்சை இரண்டு கோட்டு. முதல் கோட்டு நீளவாக்கில், அது காய்ந்ததும் இரண்டாவது அகலவாக்கில். சுவரில் ஒரு அடி உயரம் வரை ஏற்றினார். தண்ணீர் போகும் குழாயின் வாயைச் சுற்றித்தான் கவனம் வேண்டும், ஒழுகுவது எப்போதும் அங்கேதான். பிறகு ஓட்டையை அடைத்துத் தண்ணீர் தேக்கி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, இரண்டு நாள் விட்டோம். கீழே போர்ட்டிகோ கூரை புதிதாக ஈரம் காட்டவில்லை. டைல்ஸும் ஜாயின்ட்டும் தண்ணீரைத் தடுக்கும் என்ற நினைப்பு நம்மிடம் பரவலாக இருக்கிறது. அவை தடுக்காது. தடுப்பது இந்தப் பூச்சுதான், டைல் அதற்கு மேல் ஒரு கவசம்.

எந்த டைல், எப்படி அடுக்குவது

கடையில் பெரிய டைல்களைத்தான் முன்னால் வைக்கிறார்கள். இந்த இடத்துக்கு 1×1 அடி என்று விற்கிற, பளபளப்பில்லாத 300 மி.மீ. மேட் டைல் போதும் என்றேன். வழுக்காது என்பது ஒரு காரணம். 2×2 ஒன்று ஏழு கிலோவுக்கு மேல் வரும், 1×1 இரண்டு கிலோவைத் தொடாது என்பது இன்னொன்று. முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிற 60 வயதுக்காரருக்கு இது சின்ன விஷயமல்ல. எல்லாவற்றுக்கும் மேல், தளத்தில் எங்காவது சின்னப் பள்ளம் மேடு இருந்தால் சின்ன டைல் அதோடு அனுசரித்துப் போகும். பெரிய டைல் போகாது. எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று பார்த்து, பத்து சதவீதம் அதிகமாக வாங்கினோம். பேட்ச் மாறினால் நிறம் மட்டுமல்ல, அளவும் ஒரு மில்லிமீட்டர் மாறலாம். 3 மி.மீ. ஜாயின்ட்டில் அது கண்ணில் குத்தும்.

நீளத்துக்குப் பிரச்சினை இல்லை. 9 முழு டைல், நடுவில் 8 ஜாயின்ட், மொத்தம் 2,724 மி.மீ. இரண்டு ஓரத்திலும் 9 மி.மீ. சுமாருக்கு இடைவெளி தானாகக் கிடைத்தது. அகலத்தில்தான் தகராறு. 1,295 மி.மீ.யில் 4 முழு டைல் போட்டால் ஓரத்தில் மூன்று அங்குலப் பட்டை ஒன்று மிஞ்சும். அதை வெளிச்சுவர் பக்கம் ஒதுக்கிவிடலாம், துணி துவைக்கிற இடம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்பது என் கட்சி. 3 முழு டைலை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் 186 மி.மீ.க்கு வெட்டிப் போட வேண்டும் என்றார் அவர். வெட்டு இரட்டிப்பாகும் என்றேன். கேட்கவில்லை. காய்ந்த தளத்தில் பசையில்லாமல் அடுக்கிப் பார்த்தபோது அவர் சொன்னதில் ஒரு லாபம் தெரிந்தது. தண்ணீர் ஓட்டை, வெட்டிய டைலின் மூலையில் சரியாக அமைந்தது. என் முறைப்படி போயிருந்தால் அது ஜாயின்ட் மேல் விழுந்து, இரண்டு டைலில் வளைவு வெட்ட வேண்டியிருக்கும்.

சுவர்கள் ஒன்றுக்கொன்று மூலைமட்டமாக இல்லை. எந்த வீட்டிலும் இருக்காது. ஆகவே சுவரைப் பார்த்து டைலை ஆரம்பிக்காமல், நடுவில் சுண்ணாம்பு நூல் அடித்து, மூலைமட்டம் பிடிக்கும் 3-4-5 முக்கோணக் கணக்கில் குறுக்குக் கோடு போட்டார். சுவரின் கோணல் முழுவதும் ஓர வெட்டுகளில் போய் ஒளிந்துகொண்டது.

கைப்பழக்கம்

பசை கலப்பதும் இழுப்பதும் மட்டுமே அவர் உண்மையில் கற்க வேண்டியிருந்தது. அதற்குப் பழைய சிமெண்ட் ஷீட் ஒன்றைத் தரையில் போட்டு, உடைத்தெடுத்த டைல் துண்டுகளை ஒட்டி, உடனே பிடுங்கி, பின்பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். இந்தப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் தொழில் செய்கிறவர்களிடமே குறைவு. பசை டைலின் பரப்பில் எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்க்க வேறு வழியில்லை. அமெரிக்கத் தரநிலைகள் உலர்ந்த உள்ளிடத்துக்கு 80 சதவீதமும், ஈரமான இடத்துக்கும் வெளியிடத்துக்கும் 95 சதவீதமும் கேட்கின்றன. சுவரில் நாலு மூலைக்கும் நடுவுக்கும் உருண்டை வைத்து ஒட்டும் நம்மூர் வழக்கத்தில் பாதிகூடத் தேறாது.

முதலில் அவர் பசையைத் தண்ணியாகக் கலந்தார். ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய பல் கரண்டியால் இழுத்ததும் வரிகள் படுத்துவிட்டன. பையில் போட்டிருக்கும் தண்ணீர் அளவை அளந்தே ஊற்ற வேண்டும். முதலில் தண்ணீர், அதில் பொடி. கலந்து பத்து நிமிஷம் அப்படியே விட்டு, தண்ணீர் சேர்க்காமல் மறுபடி ஒரு கலக்கு. சரியான பதம் உளுந்த வடை மாவு. கரண்டியைச் சாய்த்தால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், இழுத்தால் வரி வரியாக நிற்க வேண்டும்.

வரிகளை வளைத்து வளைத்து இழுப்பது பார்க்க அழகு. ஆனால் அதில் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். எல்லா வரியும் ஒரே திசையில் நேராக இருந்தால், டைலை வரிகளுக்குக் குறுக்கே முன்னும் பின்னும் லேசாகத் தள்ளும்போது வரி படுத்துப் பள்ளத்தை நிரப்பும், காற்று பள்ளத்தின் வழியே ஓரத்துக்கு ஓடிவிடும். பிடுங்கிப் பார்த்த துண்டுகளில் இந்த வித்தியாசம் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. வளைத்து இழுத்ததில் பிறைப்பிறையாக வெற்றிடம், நேராக இழுத்ததில் ஓரத்தில் மட்டும் கொஞ்சம்.

பதித்த விதம்

ஓட்டை உள்ள ஓரத்தில் ஆரம்பித்து, கதவைப் பார்த்துப் பின்வாங்கிக்கொண்டே வந்தார். காலை வெயில் அந்தப் பக்கம் வராது என்பதால் விடிந்ததும் தொடங்கி 10 மணிக்கு முடிப்பது. மேலே தார்ப்பாய். பசையை இழுத்ததில் இருந்து டைல் வைக்க 20 நிமிஷம் என்று பையில் இருக்கும். அது சோதனைச் சாலைச் சூழலுக்கு. திருநெல்வேலிக் காற்றில் அதில் பாதியை நம்பலாம். மேல் படிந்த ஆடையை விரலால் தொட்டால் பசை விரலில் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் சுரண்டிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுக்க வேண்டும். தண்ணீர் தெளித்து உயிர்ப்பிக்கப் பார்க்கக் கூடாது. ஒரு நேரத்தில் இரண்டு மூன்று டைலுக்கு மட்டும் இழுப்பது என்று அவர் வைத்துக்கொண்டது நல்ல வழக்கம்.

ஒவ்வொரு டைலின் பின்பக்கத்தையும் ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, பசையைக் கரண்டியின் பல் இல்லாத பக்கத்தால் மெல்லியதாக ஒரு பூச்சு அழுத்தித் தேய்த்து, அதன் பிறகுதான் வைத்தார். தரையில் இழுத்தது 8 மி.மீ. பல் கரண்டியால். மூன்றாவது வரிசையில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தபோது ஒரு மூலையில் பசை வரிகள் நசுங்காமல் அப்படியே நின்றன. தளத்தில் அங்கே ஒரு சின்னப் பள்ளம். அந்த மூலையில் மட்டும் கூடுதலாகப் பசை வைத்து மறுபடி பதித்தார். பிடுங்கியிராவிட்டால் பொள்ளலாகவே இருந்து, மேலே பாரம் ஏறியதும் விரிசல் விட்டிருக்கும்.

பக்கத்து டைல்களைச் சமமாக இழுத்துப் பிடிக்கும் கிளிப்பும் ஆப்பும் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. அத்தானுக்கு அவற்றில் ரொம்பப் பிரியம். எனக்கு அவ்வளவு இல்லை. தாழ்ந்து போன டைலை ஆப்பு அடித்துத் தூக்கினால் மேலே மட்டமாகத் தெரியும். அடியில் பசையில் இருந்து பிரிந்து வெற்றிடம் விழும். மட்டமான தளத்தில், நன்றாகப் பதிந்த டைலை இறுகும் வரை அசையாமல் பிடிக்கத்தான் அது. மட்டமில்லாத தளத்துக்கு மருந்தல்ல.

நேர் வெட்டுகளுக்குக் கையால் தள்ளும் டைல் கட்டர். கீறல் ஒரே இழுப்பில், விட்டு விட்டு இல்லாமல் இருந்தால் ஒடிப்பது சுலபம். ஓட்டைக்கான எல் வடிவ வெட்டில் முதல் டைல் உள்மூலையில் இருந்து விரிசல் விட்டுவிட்டது. அடுத்ததில், மூலை வரும் இடத்தில் முதலில் டிரில்லால் ஒரு துளை போட்டு, இரண்டு வெட்டையும் அந்தத் துளையில் கொண்டுவந்து முடித்தார். உடையவில்லை. டைல் வெட்டும் கிரைண்டர் மெஷினைப் பிடித்தபோதெல்லாம் பக்கத்தில் அக்கா பாட்டிலால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், மின்சாரம், கசிந்தால் உடனே துண்டித்துவிடும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் வழியாக. டைல் தூளில் சிலிக்கா இருக்கிறது. சுவாசித்தால் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் வரும், வந்தால் குணமாக்க வழியில்லை. கைக்குட்டை கட்டிக்கொண்டு நாள் பூராவும் காய்ந்த வெட்டு வெட்டும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்காது. என்-95 முகமூடி, கண்ணாடி, கையுறை மூன்றும் இல்லாமல் அத்தானைத் தொடவிடவில்லை. முட்டிக்கு ரப்பர் பட்டை. ஈரச் சிமெண்ட் கடுமையான காரம், அரை நாள் அதில் முட்டி போட்டால் தோல் வெந்துவிடும்.

ஒரு நாள் விட்டு ஜாயின்ட் நிரப்பினார். ரப்பர் பலகையால் ஜாயின்ட்டுக்குக் குறுக்காக, சாய்வாக இழுப்பது, பிழிந்த ஸ்பாஞ்சால் அதே சாய்வில் துடைப்பது. இரண்டாவது கலவையில் தண்ணீர் கூடிப்போய், காய்ந்தபின் அந்தப் பகுதி கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. சுவரோர இடைவெளியில் மட்டும் சிமெண்ட் நிரப்பக் கூடாது. அங்கே சிலிகான் இழுத்து, அதற்கு மேல் ஸ்கர்ட்டிங் டைல். முன்பு தரை எழும்பிய காரணத்துக்கு மருந்து அந்தச் சிலிகான்தான்.

ஒரு கோடை கழிந்த பின்

மறுபடியும் நாணயத்தோடு உட்கார்ந்து எல்லா டைலையும் தட்டினோம். குழாயைச் சுற்றி வெட்டிப் போட்ட ஒன்று மட்டும் ஒரு ஓரத்தில் பொள்ளல் சத்தம். ஆடவில்லை, காலும் படாத இடம், விட்டுவிட்டோம். கதவோரம் இரண்டு டைலுக்கு நடுவில் ஒரு மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் இருக்கிறது. விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. ஊற்றிய தண்ணீர் எங்கும் தேங்காமல் ஓட்டைக்குப் போகிறது. போர்ட்டிகோ கூரைக் கறை காய்ந்து, வெள்ளை அடித்த பிறகு திரும்பி வரவில்லை.

பணக் கணக்கில் பெரிய மிச்சம் இல்லை. கட்டர், பல் கரண்டி, டைமண்ட் பிளேடு, கிளிப் என்று கருவிகளுக்கே ஒரு தொகை போயிற்று. ஒரு ஆள் இந்த வேலைக்கு மொத்தமாகக் கேட்ட கூலியை அது கிட்டத்தட்டத் தொட்டுவிட்டது. மிச்சம் பிடிக்க வேண்டும் என்று இதில் இறங்குகிறவர்கள் யோசித்துக்கொள்ளலாம். 4×2 அடி டைல், மாடிப்படி, உயரமான சுவர் ஆகியவற்றை முதல் வேலையாக எடுப்பதும் நல்லதல்ல. பெரிய டைலை ஒற்றை ஆளாகத் தூக்கி வைத்து நசுக்க முடியாது. படியில் முகப்புகள் எல்லாம் ஒரே அளவில் வர வேண்டும். சுவரில் டைல் வழுகி இறங்கும்.

அடுத்தது கீழ்வீட்டுக் குளியலறை. அதை அத்தான் தானே செய்யப்போவதில்லை. தளம் இறக்கிக் கட்டிய குளியலறை, உள்ளே புதைந்த குழாய்கள், அதற்கெல்லாம் ஆள்தான் சரி என்று முடிவு செய்துவிட்டார். ஆனால் விலை கேட்க வருகிறவர்களிடம் ஒரு தாளை நீட்டுகிறார். டைல் போடும் முன் இரண்டு நாள் தண்ணீர் தேக்கிக் காட்ட வேண்டும், சுவரில் உருண்டை வைக்காமல் பல் கரண்டியால் இழுக்க வேண்டும், 3 மி.மீ. ஜாயின்ட், சுவரோரம் 5 மி.மீ. காலி, எந்த டைலைக் காட்டினாலும் பிடுங்கிக் காட்ட வேண்டும். கடைசி நிபந்தனையைப் படித்ததும் ஒருவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இன்னொருவர், "ரெண்டு நாள் கூட ஆகும், அதுக்குக் கூலி தருவீங்களா?" என்று கேட்டார். அவருக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார்கள்.